பட்டமும் படைத்தலைமையும்



பெரம்பலூருக்கு மேற்கே, துறையூர் செல்லும் வழியில் உள்ள குரும்பலூர் என் சொந்த ஊர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் ஊர் இளைஞன் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். அருகிலுள்ள கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தான். தேசிய மாணவர் படையிலும் சேர்ந்திருந்தான். "ஐயா, படிப்பை நிறுத்திவிட்டுச் சிப்பாயாகச் சேர்ந்துவிடலாமா என்று நினைக்கிறேன். மானாவாரி நிலத்து மக்காச்சோளத்தை நம்பி அப்பாவால் இனிமேல் என்னைப் படிக்கவைக்க முடியாது. ஆனால் மனம் அதிகாரியாவதிலேயே இருக்கிறது. படித்துக்கொண்டே படை அதிகாரியாக முடியாதா?" என்று கேட்டான்.

ஒரே சொல்லில் விடையிறுக்கக்கூடிய கேள்வியன்று அது. நூறாண்டு வரலாறு அதன் பின்னே நிற்கிறது. அன்று அவனுக்கு நான் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

பெரம்பலூருக்கு வடக்கே உள்ள இரஞ்சன்குடிக் கோட்டையை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1751இல் அதன் அருகே வாலிகொண்டாபுரப் போர் நடந்தது. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும், முகமது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். அதற்குப் பின்வந்த காலத்தில் கம்பெனிப் பட்டாளங்களில் நம்மவர் பல்லாயிரவர் சேர்ந்தனர். ஆயினும், முதுமை வரை உழைத்துச் சுபேதாராக உயர்ந்தவரும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய இளம் ஐரோப்பிய அதிகாரிக்குக் கீழ்ப்பட்டே நிற்கவேண்டியிருந்தது. வீரத்தில் நம்மவர்க்குக் குறைவில்லை. ஆணையிடும் உரிமைதான் இல்லை.

முதல் உலகப் போர் இந்நிலையைச் சற்றே அசைத்தது. அரசரின் பெயரால் வழங்கப்பெறும் அதிகாரி நியமனம் இந்தியர்க்கும் உண்டு என 1917 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் சாண்டர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்களே இந்தியர்க்கு ஒதுக்கப்பட்டன. பரந்த ஒரு நாட்டுக்குப் பத்தே இடங்கள்! டேராடூனில் நமக்கென ஓர் இராணுவக் கழகம் தோன்றியது 1932இல்தான்.

அதே 1917ஆம் ஆண்டில் நம் பல்கலைக்கழகங்களில் மாணவர் படைகளும் தோன்றின. 1920இல் இயற்றப்பட்ட பிராந்தியப் படைச் சட்டத்தின்கீழ் அவை பல்கலைக்கழகப் பயிற்சிப் படை எனப் பெயர் பெற்றன. மாணவர்கள் காக்கி உடுப்பணிந்து கவாத்துப் பழகினர். துப்பாக்கி சுடவும் கற்றனர். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942இல், பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என்று அதன் பெயர் மாறிற்று. பெயரில் 'அதிகாரி' என்னும் சொல் ஏறியதற்குப் போரின் தேவையே காரணம்.

விடுதலை நெருங்கிய வேளையில், 1946இல், பண்டித இருதயநாத் குன்சுரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் பொதுவான மாணவர் படை ஒன்று வேண்டும் என அக்குழு 1947இல் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1948இல் சட்டம் இயற்றப்பட்டுத் தேசிய மாணவர் படை பிறந்தது. மறு ஆண்டில் மாணவியர் பிரிவும் தொடங்கிற்று.

இச்சட்டத்தின் நுட்பம் ஒன்றை நீங்கள் கருதிப்பார்க்க வேண்டும். மாணவர் படையில் சேர்ந்த காரணத்தினாலேயே எவரையும் போர்க்களத்துக்கு அனுப்ப இயலாது. மாணவன் சார்ஜண்டாகலாம், அண்டர் ஆபீசராகவும் உயரலாம். அவன் படை அதிகாரி ஆகிவிடுவதில்லை, மாணவனாகவே இருக்கிறான். பிறநாடுகளிலும் ஏறக்குறைய இதுவே வழக்கு. இங்கிலாந்தில் 1908இலும், அமெரிக்காவில் 1916இலும் கல்லூரிகளில் அதிகாரிப் பயிற்சிப் படைகள் முறையாக அமைந்தன. அமெரிக்க மாணவன் பாடத்துடன் படைப்பயிற்சியும் பெற்று வருவான். பட்டம் பெறுங்காலத்தில்தான் அவன் கைக்கு அதிகாரி நியமனம் வந்து சேரும்.

நம் நாட்டில் இப்படை எப்போதும் அமைதியாகவே நடந்தது என்று கூற இயலாது. 1962 எல்லைப் போருக்குப் பின், 1963இல் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968 சனவரியில், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு சட்டமன்றம் மொழிக்கொள்கை பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், மாணவர் படையின் இந்தி ஆணைச்சொற்களைப் பற்றிய எதிர்ப்பும் இடம்பெற்றது. அதே 1968இல் கட்டாயம் நீங்கி, விரும்பியவர் சேரலாம் என்றாயிற்று. மனம் ஒப்பிச் செய்யும் பயிற்சியே பயன் தரும் என்பது என் துணிபு.

அப்படியாயின் பகுதி நேரப் படை அதிகாரி என்பார் நம் நாட்டில் இல்லையோ? உளர். 1949 அக்டோபர் 9ஆம் நாள் இராஜாஜி அவர்கள் தொடங்கிவைத்த பிராந்திய இராணுவத்தில், வேறு தொழில் புரிவோர் ஆண்டில் சில காலம் அதிகாரியாகப் பணியாற்றுகின்றனர். ஆயின் அதற்கும் பட்டம் வேண்டும். மாணவர் படையை நடத்தும் ஆசிரியர்கள் மற்றொரு வகையினர். கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவர் அணிவகுப்புத் திடலில் லெப்டினன்ட் ஆவார். பள்ளி ஆசிரியர் 'மூன்றாம் அதிகாரி'யாகத் தொடங்குவார்.

அவருள் நானும் ஒருவன். திருச்சியில் பயின்ற நாளில் நான் மாணவர் படையில் இருந்தேன். பட்டம் பெற்றபின் இராணுவ அதிகாரித் தேர்வுக்குச் சென்று தேறாது திரும்பினேன். ஊருக்குள் நுழையவே நாணினேன். பின்பு ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் சேர்ந்து, நாகபுரிக்கு அருகிலுள்ள காம்ப்டியில் பயிற்சி முடித்து மூன்றாம் அதிகாரியானேன். அந்நாள் முதல் ஊரார் என்னைப் 'பட்டாளத்து வாத்தியார்' என்றே அழைத்தனர். கையிற் பட்டம் இருந்ததனால், ஒரு கதவு அடைத்தபோது வேறொன்று திறந்தது.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு, "தம்பி, சிப்பாய்த் தொழில் சிறுமையுடையதன்று. ஆனால் உன் மனம் அதிகாரிப் பதவியில் இருக்கிறதே. இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும், பட்டப்படிப்பில் ஐம்பது விழுக்காடும் உடையவர்க்குச் சிறப்பு வழி ஒன்று உண்டு. எழுத்துத் தேர்வின்றி நேரே தேர்வு வாரியத்தின்முன் செல்லலாம். தேறினால் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் உதவித்தொகையுடன் பயிற்சி கிடைக்கும்" என்றேன். அக்கழகம் 1963இல் தொடங்கியது; 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகின்றனர்.

அவன் படிப்பை நிறுத்தவில்லை. விடுமுறை நாள்களில் சின்ன வெங்காய வயல்களில் வேலை செய்து, கட்டணத்திற் பாதியைத் தானே ஈட்டினான். பட்டமும் 'சி' சான்றிதழும் பெற்றுத் தேர்வுக்குச் சென்றான். முதன்முறை என்னைப் போலவே தேறாது திரும்பினான். ஆனால் என்னைப் போல நாணி ஒளியவில்லை. நேரே திண்ணைக்கு வந்து, "ஐயா, மறுமுறையும் போகிறேன்" என்றான்.

ஆணையிடும் உரிமைக்காக நம் முன்னோர் நெடுங்காலம் காத்திருந்தனர். அவ்வுரிமை இன்று குரும்பலூர் உழவர் மகனுக்கும் மகளுக்கும் எட்டும் தொலைவில் இருக்கிறது. அதனைப் பெற முதலில் வேண்டுவது தொடங்கிய படிப்பை முடிப்பதே.