இருளர் காட்டிய வழி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் அரசமரத்தடியில் நாகக்கல் நாட்டிப் பால் வார்த்தவர்களும் நம் முன்னோரே. அஞ்சியோரும் வணங்கியோரும் பலர். பாம்பை அறிந்து வாழ்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் ஆவர். அவர்தம் வரலாறு, தலைநகரில் குடியேறி வாழும் நமக்கும் ஒரு பாடமாகும்.

புதரருகே பதிந்த தடத்தையும், வளைவாயிற் கிடக்கும் உரித்த சட்டையையும் கண்டே, உள்ளிருப்பது இன்ன பாம்பெனக் கூறவல்லவர் இருளர். இவ்வரிய கலை நெடுங்காலம் தோல் வணிகத்திற்கே பயன்பட்டது. மேல்நாட்டார்க்குக் கைப்பையும் காலணியும் செய்ய வேண்டிப் பாம்புத் தோல் ஏராளமாக ஏற்றுமதியாயிற்று. பாம்பைப் பிடித்துத் தந்த இருளர்க்குக் கிடைத்த கூலியோ அற்பமே. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடைப்பட்டது. பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டு அடுப்போ அணைந்தது.

இவ்விக்கட்டிற்கு ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவிற் பிறந்து இந்தியக் குடிமகனானவர் ராமுலஸ் விட்டேகர். 1969இல் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர். அவருடைய துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசின் அனுமதி பெற்றுப் பிடிக்கின்றனர். மட்பானைகளில் வைத்துச் சில வாரங்கள் நஞ்செடுக்கின்றனர். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தே விஷமுறிவு மருந்து ஆக்கப்படுகிறது. கொன்ற பாம்பு தந்தது ஒரு தோல்; உயிரோடுள்ள பாம்பு தருவதோ மனித உயிர்.

இருளரின் புகழ் கடலும் கடந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துத் தர, 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர் அழைக்கப்பெற்றனர். அவ்விருவரையும் 2023இல் பத்மஸ்ரீ விருது தேடி வந்தது.

ஆபத்து சிறிதென்று எண்ணற்க. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சம் என்பது ஆராய்ந்தோர் கணிப்பு. அவருட் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். உரிய காலத்தில் மருந்து கிட்டியிருப்பின் பலர் பிழைத்திருப்பர்.

நம் லக்ஷ்மிபாய் நகருக்கு ரிட்ஜ் காடு வெகு தொலைவில் இல்லை. மழைக்காலத்தில் வளையில் நீர் புகுந்தால் பாம்பு மேட்டை நாடும். கண்டவுடன் கழியெடுப்பது பலர் வழக்கம். அடிபட்டுச் சாவது பெரும்பாலும் நஞ்சற்ற சாரையே. அதுவோ எலியை உண்டு நமக்கு நன்மை புரிவது. கூட்ஸ் ஷெட்டில் எலி விளைக்கும் நாசத்தை ரயில்வே ஊழியர் நன்கறிவோம்! மேலும், பாம்பைக் கொல்வது சட்டப்படி குற்றமுமாகும்.

ஆகவே குப்பையும் உடைந்த செங்கற் குவியலும் வீட்டோரத்தில் சேரவிடாதீர்கள். எலி குறைந்தால் பாம்பின் வரவும் குறையும். இரவில் விளக்கின்றி நடவாதீர்கள். தரையிற் படுப்போர் கொசுவலையைப் பாயின் அடியிற் செருகிக்கொள்க. பாம்பைக் கண்டால் குழந்தைகளை விலக்கி, தொலைவில் நின்று பார்த்தபடி, வனத்துறைக்குச் செய்தி அனுப்புக. கடிபட்டால் இறுகக் கட்டுதலும் கீறுதலும் மந்திரித்தலும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து உடனே மருத்துவமனைக்கு விரைக. சப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் நமக்கு அண்மையிலேயே உள்ளன.

எழுத்தறியாத இருளர் பலர் இவ்வறிவை உலகிற்கு வழங்கினர். கற்றறிந்த நாம் கழியைக் கீழே வைப்பதேனும் செய்வோமாக!