ஜார்ஜ் மெக்கார்ட்னி

ஜார்ஜ் மெக்கார்ட்னி (1737–1806) அயர்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் பிரபு, தூதர், ஆட்சியாளர். ரஷ்யாவில் பிரிட்டிஷ் தூதராகவும், கிரெனடா, சென்னை, நன்னம்பிக்கை முனை ஆகியவற்றின் ஆளுநராகவும் பணியாற்றியவர். சீனப் பேரரசின் அவையை எட்டிய முதல் பிரிட்டிஷ் தூதுக்குழுவுக்கு 1793இல் தலைமை தாங்கியதால் உலக வரலாற்றில் இடம்பெற்றார்.

இளமையும் ரஷ்யப் பணியும்

ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தில் குடியேறிய நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில், ஆன்ட்ரிம் மாவட்டத்து லிசனூரில் மெக்கார்ட்னி பிறந்தார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1759இல் பட்டம் பெற்றபின் லண்டனில் சட்டம் பயின்றார். செல்வாக்கு மிக்க அரசியல்வாதியான ஹென்றி ஃபாக்ஸின் குடும்பத்தோடு ஏற்பட்ட நட்பு அவருக்கு அரசுப் பணியின் கதவைத் திறந்தது. 1764இல் சர் பட்டத்துடன் ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். பேரரசி இரண்டாம் கேத்தரினின் அரசுடன் பொறுமையாகப் பேசி, 1766இல் வணிக உடன்படிக்கையை முடித்தார்.

1768இல், முன்னாள் பிரதமர் பியூட் பிரபுவின் மகள் ஜேன் ஸ்டூவர்ட்டை மணந்தார். 1769 முதல் 1772 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்தார். பின்னர் மேற்கிந்தியத் தீவுகளில் கிரெனடாவின் ஆளுநரானார். 1776இல் அவருக்கு அயர்லாந்தின் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1779இல் பிரெஞ்சுக் கடற்படை தீவைக் கைப்பற்றியபோது சிறைப்பட்டுப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார்.

சென்னை ஆளுநர்

1781 ஜூனில் மெக்கார்ட்னி சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றபோது, மைசூரின் ஹைதர் அலி ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் ஊடுருவியிருந்தார். ஊர்கள் பாழாகியிருந்தன, கிழக்கிந்தியக் கம்பெனியின் கருவூலம் வெறுமையாகியிருந்தது. டச்சுக்காரர்களுடனும் போர் மூண்டிருந்ததால், அவ்வாண்டு நவம்பரில் நாகப்பட்டினத்தையும் 1782 ஜனவரியில் திருகோணமலையையும் பிரிட்டிஷ் படைகள் அவர்களிடமிருந்து கைப்பற்றின. திருகோணமலை சில மாதங்களிலேயே பிரெஞ்சுக்காரர் வசமானது.

போர்ச் செலவுக்குப் பணம் திரட்டுவதே ஆளுநரின் முதல் கவலை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுடன் 1781 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்தார். அதன்படி ஐந்து ஆண்டுகளுக்கு நவாபின் நாட்டு வருவாயைக் கம்பெனியே வசூலிக்கும். ஆறில் ஒரு பங்கு நவாபின் செலவுக்குப் போகும். நவாபுக்குப் பெரும் வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்திருந்த ஆங்கிலேயர்களின் பிடியை இந்த ஏற்பாடு தளர்த்தியது. அதனால் சென்னையிலும் லண்டனிலும் அவருக்குப் பகைவர் பெருகினர். அன்பளிப்பு என்ற பெயரில் பணம் வாங்குவது அதிகாரிகளிடையே வழக்கமாயிருந்த காலத்தில், அதை ஏற்க மறுத்தவர் என்று மெக்கார்ட்னி பெயர் பெற்றார்.

படைத்தலைவர்கள் ஆளுநருக்குக் கட்டுப்பட்டவர்களா என்ற கேள்வி அவர் பதவிக்காலம் முழுவதும் தொடர்ந்தது. தளபதி அயர் கூட்டுடனும் கல்கத்தாவில் இருந்த தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸுடனும் அவருக்கு ஓயாத பூசல் இருந்தது. 1783இல் ஆணையை மீறிய தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைப் பதவிநீக்கிக் கைதுசெய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1784 மார்ச் 11இல் ஹைதர் அலியின் மகன் திப்பு சுல்தானுடன் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. இரு தரப்பும் கைப்பற்றிய இடங்களைத் திருப்பித் தந்து போரை முடித்துக்கொண்டன. உடன்படிக்கையைப் பேசி முடித்தவர்களுள் ஒருவர் மெக்கார்ட்னியின் செயலர் ஜார்ஜ் ஸ்டான்டன்.

வருவாய் உரிமையை நவாபிடமே திருப்பித் தருமாறு லண்டனிலிருந்து ஆணை வந்ததும், 1785இல் மெக்கார்ட்னி பதவி விலகினார். தலைமை ஆளுநர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது, அவர் ஏற்கவில்லை. அப்பதவி பின்னர் காரன்வாலிஸுக்குச் சென்றது. 1786 ஜூனில் லண்டன் ஹைடு பூங்காவில் ஸ்டூவர்ட் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்துப் பழைய கணக்கைத் தீர்த்தார். போரில் ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவர்ட் மரத்தில் சாய்ந்து நின்று சுட, மெக்கார்ட்னி காயமடைந்தார்.

சீனத் தூது

1784இல் பிரிட்டன் தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. இறக்குமதி பல மடங்கு பெருகியது. ஆனால் சீனா ஐரோப்பியர்க்குக் கான்டன் துறைமுகத்தை மட்டுமே திறந்து வைத்திருந்தது. அங்கும் அரசு உரிமம் பெற்ற சீன வணிகர் குழு வழியாகவே வாங்கவும் விற்கவும் முடிந்தது. விலை பெரும்பாலும் வெள்ளியாகப் போயிற்று. இந்நிலையை மாற்ற 1787இல் அனுப்பப்பட்ட தூதர் வழியிலேயே இறந்துபோனார். அடுத்த முயற்சி மெக்கார்ட்னியிடம் ஒப்படைக்கப்பட்டது. செலவைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றது.

1792 செப்டம்பர் 26இல் 'லயன்' என்ற போர்க்கப்பலும் 'ஹிந்துஸ்தான்' என்ற வணிகக் கப்பலும் புறப்பட்டன. ஸ்டான்டன், ஜான் பாரோ, ஓவியர் வில்லியம் அலெக்சாண்டர், வானியல் கருவிகளில் வல்ல ஜேம்ஸ் டின்விடி முதலியோர் உடன் சென்றனர். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பெரிய பொறி, தொலைநோக்கிகள், கடிகாரங்கள், பீரங்கிகள், வெட்ஜ்வுட் பீங்கான்கள், 110 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பலின் மாதிரி ஆகியவை பரிசுகளாக ஏற்றப்பட்டன. சீனாவில் குழுவை ஏற்றிச்சென்ற படகுகளின் கொடிகளில் 'திறை கொண்டுவரும் ஆங்கிலத் தூதர்' என்று சீன மொழியில் எழுதியிருந்தது. மெக்கார்ட்னிக்கு அது தெரிந்திருந்தும் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பேரரசரின் முன் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி தரையில் படுமாறு வணங்க வேண்டும் என்பது அவை மரபு. சமநிலையிலுள்ள சீன அதிகாரி ஒருவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் படத்துக்கு அதே வணக்கம் செய்தால் தாமும் செய்வதாக மெக்கார்ட்னி கூறினார். முடிவில், தம் மன்னரின் முன் செய்வதுபோல் ஒரு காலை மட்டும் மண்டியிட இசைவு பெற்றார். 1793 செப்டம்பர் 14 அன்று, செங்டே கோடைக்கால அரண்மனைத் தோட்டத்துக் கூடாரத்தில், மணிகள் பதித்த பொற்பேழையில் வைத்த மன்னரின் கடிதத்தைச் சியான்லாங் பேரரசரிடம் அளித்தார். பேரரசருக்கு அப்போது வயது 80ஐக் கடந்திருந்தது. பயணத்தில் சீன மொழி கற்றிருந்த ஸ்டான்டனின் 12 வயது மகன் அம்மொழியில் பேசக் கேட்டு மகிழ்ந்த பேரரசர், தம் இடுப்பில் தொங்கிய பையை அவிழ்த்துச் சிறுவனிடம் கொடுத்தார்.

இந்த இன்முகம் கோரிக்கைகளுக்குக் கிடைக்கவில்லை. நிங்போ, டியான்ஜின் முதலிய துறைமுகங்களைத் திறத்தல், சூசான் அருகே பண்டகசாலைக்கு ஒரு சிறு தீவு, வரி விகிதங்களை வெளியிடுதல், பெய்ஜிங்கில் நிலையான தூதர் ஆகிய அனைத்தும் மறுக்கப்பட்டன. வணக்கமுறைச் சிக்கலே தோல்விக்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எனினும் பிற்காலத்தில் வெளியான அரண்மனை ஆவணங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன: பிரிட்டனின் கடற்படை வலிமையை எண்ணிப் பேரரசர் எச்சரிக்கை கொண்டிருந்தார், கடலோரக் காவலையும் பலப்படுத்தச் சொன்னார். தலைநகரில் அந்நியத் தூதரும் கரையோரத்தில் அந்நியக் குடியிருப்பும் வேண்டாம் என்பது அரசியல் முடிவு.

அக்டோபர் 7இல் பெய்ஜிங்கை விட்ட குழு, பெருங்கால்வாய் வழியாகத் தெற்கே சென்று டிசம்பரில் கான்டனை அடைந்தது. வழியில் வேளாண்மை, நீர்ப்பாசனம், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டது. தேயிலைச் செடிகளைச் சேகரித்து வங்காளத்துக்கு அனுப்பியது. சீன அரசு தோற்றத்தில் பெரிதாயினும் உள்ளே தளர்ந்துவருகிறது என்று மெக்கார்ட்னி தம் நாட்குறிப்பில் மதிப்பிட்டார்.

இறுதி ஆண்டுகள்

1794இல் அவர் அயர்லாந்தின் ஏர்ல் ஆனார். 1795இல் வெரோனாவில் தங்கியிருந்த பதினெட்டாம் லூயியிடம் தூது சென்றார். டச்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட நன்னம்பிக்கை முனையை 1797 முதல் ஆண்டார்; அதன் எல்லைகளை வரையறுத்தார். உடல்நலம் குன்றி 1798இல் பதவி விலகி, 1806இல் லண்டனை அடுத்த சிஸ்விக்கில் இறந்தார். பிள்ளைகள் இல்லாததால் பட்டங்கள் அவரோடு முடிந்தன.

மதிப்பீடு

சீனத் தூது தன் நோக்கத்தில் தோற்றது. அறிவுத் திரட்டலில் வென்றது. ஸ்டான்டனும் பாரோவும் எழுதிய நூல்களும் அலெக்சாண்டரின் ஓவியங்களும் ஐரோப்பியர்க்குச் சீனாவைக் கண்கூடாகக் காட்டின. அத்தூது கொண்டுவந்த வெள்ளை ரோஜா வகை ஒன்று இன்றும் மெக்கார்ட்னி ரோஜா எனப்படுகிறது. 1816இல் சென்ற ஆம்ஹர்ஸ்ட் தூதும் வெறுங்கையுடன் திரும்பியது. மெக்கார்ட்னி கேட்டவற்றில் பலவற்றைப் பிரிட்டன் 1842இல் அபினிப் போரின் முடிவில் ஆயுதபலத்தால் பெற்றது. பேச்சின் வழியே அவற்றைப் பெற முயன்றவர் என்ற வகையில் அவருடைய முயற்சி தனித்து மதிப்பிடத் தக்கது.