பித்தப்பையை ஏன் எடுக்கிறார்கள்?

"கல்லை மட்டும் எடுத்தாப் போதாதா சேர், பையை ஏன் எடுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே, வலி வரும்போதெல்லாம் கெஸ்ட்ரிக் குளிசை போட்டு ஒபரேஷனைத் தள்ளிப்போடுபவர்கள் நம் ஊரில் பலர்.

ஆரம்பத்தில் கல்லை மட்டும்தான் எடுத்தார்கள். 1867இல் அமெரிக்காவில் ஜோன் பொப்ஸ் பையைத் திறந்து, கல்லை எடுத்துவிட்டுத் தைத்தார். பேர்லினில் கார்ல் லாங்கன்புக் இதை ஏற்கவில்லை. கல் உருவாவதே அந்தப் பையில்தான். அது இருந்தால் கல் திரும்ப வரும், அழற்சியும் தொடரும் என்றார். பித்தத்தைச் சுரப்பது ஈரல், பை அதைச் சேமிக்க மட்டும்தான். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாது!

பிரேதங்களில் பழகிவிட்டு, 1882 ஜூலை 15இல், 16 வருடம் வலியால் துடித்த 43 வயதுக்காரரின் பையை அகற்றினார். மறுநாளே அந்த மனுஷன் சுருட்டுப் பிடித்தாராம். ஆறு வாரத்தில் வீடு போனார். இன்று சிறு துளைகள் வழியாகச் செய்வதால், பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.