குதிரை இல்லாத திராவிடர்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் இன்று கண்ணில் படுவது கார் கம்பெனிகளும் கன்டெய்னர் லாரிகளும்தான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மணிமங்கலம் என்று ஒரு ஊர் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. கி.பி. 642க்குச் சற்று முன்பு சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை அந்த ஊர் வரைக்கும் வந்துவிட்டது! பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மவர்ம பல்லவன் அவனைத் தோற்கடித்ததாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. பல்லவப் படை அதோடு விடவில்லை. வாதாபி வரை போய்த் தலைநகரையே பிடித்தது.

ஸ்ட்ராட்டஜி கேம் விளையாடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. எதிரி தயாராவதற்குள் அவன் வாசலில் போய் நிற்பதுதான் 'ரஷ்'. ஜெயித்தால் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. தோற்றால் போட்ட முதலும் போச்சு, ஊரும் காலி. (புலிகேசி முப்பது வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டு வந்தவன், அவனுடையதை முழு ரஷ் என்று சொல்ல முடியாதுதான். அவன் திரும்பிப் போன வழியில் நடந்தது மட்டும் அதே கதை.)

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமில் நீண்ட காலம் கணக்கு இப்படி இருந்தது. ஒரு மிலிஷியா வீரனுக்கு 60 உணவு, 20 தங்கம். மூன்று பேரை அனுப்பினால் 180 உணவு செலவு. ஒரு வில்லேஜருக்கு 50 உணவுதான் என்பதால், அந்த உணவில் மூன்று வில்லேஜர்களை உருவாக்கி வயலில் விட்டிருக்கலாம். ஆக ரஷ் என்பது கடன் வாங்கிச் சூதாடுவது மாதிரி. கடனுக்கு வட்டி எவ்வளவு என்பதை கேம் தயாரிப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். 'பேலன்ஸ்' என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த வட்டிக் கணக்குதான்.

இந்த வட்டி தப்பாகப் போன சம்பவங்கள் நிறைய உண்டு. 1997ல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஷாங் நாட்டு வில்லேஜர் 35 உணவுக்கே கிடைத்தான், மற்றவர்களுக்கு 50. ஆரம்பத்திலேயே ஆள்பலம் கூடிவிட்டால் அப்புறம் என்ன போட்டி? அடுத்த வருடம் வந்த ரைஸ் ஆஃப் ரோமில் அதை 40 ஆக்கினார்கள். ஸ்டார்கிராஃப்டில் ஜெர்க் இனம் ஆட்டம் தொடங்கியவுடனே ஜெர்க்லிங்குகளை அனுப்பி எதிரியை விழுங்கிக்கொண்டிருந்தது. 2001ல் வந்த 1.08 பேட்சில் ஸ்பானிங் பூல் விலை 150ல் இருந்து 200 ஆனது. ரஷ்ஷைத் தடை செய்யவில்லை. விலையைத்தான் ஏற்றினார்கள். கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 2022 ஏப்ரல் 28ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வெளியானது. அதுவரை 'இந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்ததைப் பிரித்து, ஹிந்துஸ்தானி, வங்காளி, கூர்ஜரர், திராவிடர் என்று ஆக்கினார்கள். திராவிடருக்கு ராஜேந்திர சோழன் கதையே தனி கேம்பெயினாக வந்தது. உருமி வீரன், திரிசடைக் கப்பல், கவசத்தை மதிக்காத உருக்கு வாள் என்று சீர்வரிசைக்குக் குறைவில்லை.

ரஷ்ஷுக்கும் நல்ல வசதி. அடுத்த யுகத்துக்குப் போகும்போதெல்லாம் 200 மரம் இலவசம். பாரக்ஸ் ஆராய்ச்சிகள் பாதி விலை. மேன்-அட்-ஆர்ம்ஸ் மேம்பாட்டுக்கு மற்றவர்கள் 100 உணவும் 40 தங்கமும் கொடுக்க, திராவிடர் 50ம் 20ம் கொடுத்தால் போதும்.

ஆனால் நைட் குதிரைப்படை கிடையாது. ஒட்டகம் கிடையாது. வேவு பார்க்கும் சின்னக் குதிரையும் யானையும் மட்டும்தான். அதே தொகுப்பில் வந்த கூர்ஜரர் இரண்டாம் யுகத்திலேயே ஒட்டகத்தில் பாய்ந்து வந்தார்கள். அரேபியா மாதிரித் திறந்தவெளி மேப்பில் திராவிடரின் காலாட்படை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் காரியத்தை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் எதிரியின் குதிரை இந்தப் பக்கம் அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடும், ஈட்டிக்காரன் நடந்தே துரத்திக்கொண்டிருப்பான். தண்ணீர் மேப்பில் ராஜா, தரையில் பாவம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

தமிழ்நாட்டில் குதிரை இல்லை என்பது வரலாறுதானே என்று கேட்கலாம். பாதி சரி. நல்ல குதிரை இங்கே வளரவில்லை, வெளியிலிருந்துதான் வந்தது. கடல் வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பாண்டிய நாட்டு அரசர்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகளும் வருகிறார்கள், குதிரைச் சேவகர் என்ற படைப்பிரிவும் வருகிறது. விஜயநகரத்தை இதே 'திராவிடர்' கணக்கில் சேர்த்தால் கேட்கவே வேண்டாம், அவர்கள் கொட்டிய காசில் பெரும்பங்கு குதிரைக்குத்தான் போயிருக்கும்!

அதாவது குதிரை 'இல்லை' என்பதல்ல, 'விலை அதிகம்' என்பதுதான் உண்மை. ஸ்பானிங் பூலுக்கு 50 ஏற்றியது போல, திராவிட நைட்டுக்குத் தங்கத்தை ஏற்றியிருந்தால் வரலாறும் பிழைத்திருக்கும், ஆட்டமும் சமமாகியிருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஓட்டை வைத்தால்தான் ஆட்டம் சுவாரஸ்யம் என்பது தயாரிப்பாளர்கள் பக்க நியாயம். அதுவும் தப்பில்லை. ஓட்டையை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் வழக்கு.

அந்த மணிமங்கலத்துப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று இரண்டாம் ராஜேந்திரனுடையது. 1054 வாக்கில் கொப்பத்தில் நடந்த போரைப் பற்றியது. அண்ணன் ராஜாதிராஜன் யானை மேலேயே இறந்த போர் அது. தம்பி நின்று சண்டையைத் திருப்பி, சாளுக்கியரிடம் பிடித்ததைப் பட்டியல் போடுகிறான். சத்ருபயங்கரன், கரபத்திரன், மூலபத்திரன் என்று பெயர் சொல்லி யானைகள், அப்புறம் குதிரைகள், அதற்கப்புறம் ஒட்டகங்கள்.