மணல் முதல் கைப்பேசி வரை: எமது ஊரில் பாடம் எட்டிய வழிகள்

எமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் வெளிவரும் இம்மலரில் அதிபர்களின் சேவையும், கட்டடங்களின் வரலாறும், பரீட்சைப் பெறுபேறுகளும் உரிய இடத்தைப் பெறும். அவற்றின் பக்கத்தில் இன்னொரு சிறு வரலாற்றையும் பதிந்துவைக்க விரும்புகிறோம். அது வகுப்பறைக் கருவிகளின் வரலாறு. மணல், சிலேற், கரும்பலகை, ரொனியோத் தாள், வானொலி, கைப்பேசி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த இவை யாரை வகுப்புக்குள் கொண்டுவந்தன, யாரை வெளியே விட்டன என்று கேட்டுப் பார்ப்பதே எமது நோக்கம். உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவியர் பாடசாலைக்கு எதை அனுப்பலாம் என்று அடிக்கடி கேட்கும் இக்காலத்தில் அக்கேள்விக்கு ஒரு பயனும் உண்டு.

குருநகர் கடலை நம்பிய ஊர். யாழ்ப்பாணக் கடனீரேரியில் களங்கண்டியும் சிறகுவலையும் போடுவோருக்கு நேரத்தைக் குறித்துக் கொடுப்பது காற்றும் நீரோட்டமும்தான். இரவில் போன வள்ளம் விடியலில் கரை சேர, வீட்டில் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றவும், மீனைத் தெரிந்து பிரிக்கவும், தாய் சந்தைக்குப் போன பின் தம்பி தங்கையரைப் பார்க்கவும் மூத்த பெண்பிள்ளையின் கை வேண்டும். அப்படியான காலைகளில் பாடசாலை மணி அடிக்கும்போது சில கதிரைகள் வெறுமையாகவே இருந்தன. யூலை 25ஆம் திகதி புனித யாகப்பர் திருநாளை அண்டிய நாட்களிலும் வரவு குறையும். அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் விருப்பம் இருந்தது. படிப்பின் நேரந்தான் அவர்களுடைய நேரத்தோடு பொருந்தவில்லை. எனவே நேரத்துக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப வளைந்துகொடுக்கும் கல்வி என்று இன்று சொல்லப்படுவது எமது ஊருக்குப் புதிய தேவையன்று.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதற் கருவி மணல். பிள்ளை விரலால் எழுதும், அழிக்கும், திரும்ப எழுதும்; செலவு எதுவும் இல்லை. முன்னே படித்த சட்டாம்பிள்ளை பின்னே வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொற்லாந்துக்காரர், நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அந்த முறையையும் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தமது இல்லத்தில் கைக்கொண்டார். 1797இல் அதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. கருவி எளியதாக இருந்தபடியாலும், கற்பிக்க இன்னொரு பிள்ளையே போதுமாக இருந்தபடியாலும் அது அவ்வளவு தூரம் போனது.

எழுத்தறியாதவரையும் கல்வி எட்டிய இன்னொரு வழி எமது கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களின் நாட்டுக்கூத்து. அண்ணாவியார் பாட்டைச் சொல்லிக்கொடுக்க, கடலால் வந்த களைப்போடு இரவில் கூடியவர்கள் அதைக் கேட்டுக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டார்கள். ஏடு வாசிக்கத் தெரியாதவர் அரசராக மேடையேறி விடிய விடியப் பாடினார். காதால் கற்பதும், தொழில் முடிந்த நேரத்தில் கற்பதும் அங்கே குறைவாக எண்ணப்படவில்லை.

பெண்பிள்ளைகளுக்கான முறையான கல்வி இக்குடாநாட்டில் முன்னதாகவே வேர்விட்டது. அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். 1862இல் பிரான்ஸிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்து கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளின் கல்வியைக் கையேற்றனர். 1945 ஒக்ரோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வர, கட்டணம் என்ற பெரிய தடை நீங்கியது. சிலேற்றும் அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் எல்லோருக்கும் பொதுவான கருவிகளாயின. ஆயினும் கரும்பலகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கண் நன்றாகத் தெரிய வேண்டும், ஆசிரியை சொல்வது காதில் விழ வேண்டும், அந்த மணி நேரத்தில் அங்கே இருக்கவும் வேண்டும். மணி அடித்ததும் பலகை துடைக்கப்பட்டுவிடும். பின் வாங்கிலிருந்து எழுத்துத் தெரியாத பிள்ளையைக் ‘கவனமில்லாதவள்’ என்று சொல்லிவிடுவது அக்காலத்தில் எங்கும் வழக்கமாக இருந்தது.

வராத பிள்ளைக்காக எழுத்தைச் சேமித்து வைத்த முதற் கருவிகள் காபன் தாளும் ரொனியோவும். மை மணக்கும் அந்தத் தாள்கள் தோழியின் கையில் வீட்டுக்குப் போயின. இலங்கை வானொலியின் கல்விச் சேவை பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது; ஆனால் ஒலிபரப்பு நேரத்தில் அடுப்படியில் நின்றவளுக்காக அது காத்திருக்கவில்லை. பின்னர் வந்த ரேப் றெக்கோடர் அந்தக் குறையைப் போக்கியது. நிறுத்தலாம், பின்னே ஓட்டித் திரும்பக் கேட்கலாம். பார்வையற்ற மாணவர்கள் பலர், பிறர் வாசித்துப் பதிந்துகொடுத்த பாடங்களைக் கேட்டே உயர்கல்வி வரை சென்றனர்.

கண்ணும் காதும் உதவாத பிள்ளைகளுக்குக் குடாநாட்டில் வழி திறந்தது கைதடியில். 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையின் வழியில், தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடி நவீல்ட் பாடசாலை 1956இல் நிறுவப்பட்டது. 1829இல் பிரான்ஸின் லூயி பிரெயில் வெளியிட்ட ஆறு புள்ளி முறை, இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலாக 1951இல் பொது வடிவம் பெற்றது. விரல் நுனியில் தமிழ் எழுத்து வந்தது. அது பெரும் வரம். ஆனால் அதைப் பெறுவதற்குப் பிள்ளை வீட்டையும் ஊரையும் விட்டு விடுதிக்குப் போக வேண்டியிருந்தது. சின்ன வயதிலேயே தோழியரைப் பிரிய வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையும் தன் ஊர்ப் பாடசாலையிலேயே, தன் அயலவரோடு படிக்க வேண்டும் என்ற கருத்தை, 1994 யூனில் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள் ஒரு பிரகடனமாக ஏற்றுக்கொண்டனர். பாடசாலைக்கு ஏற்பப் பிள்ளை மாறுவதை விட, பிள்ளைக்கு ஏற்பப் பாடசாலை மாற வேண்டும் என்பதே அதன் சாரம்.

அப்பிரகடனம் எழுதப்பட்ட நாட்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990 யூனில் மூண்ட போரோடு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை, கொப்பிக்கும் தாளுக்கும் பஞ்சம். அந்த ஆண்டுகளில் படித்த எம்மில் யாருக்கும் ஜாம் போத்தல் விளக்கை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இளைய தங்கையருக்காகச் சொல்கிறோம். போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அது ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால், சொற்ப எண்ணெயில் இரவு நெடுநேரம் எரியும். சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் கிடைத்தது. ஒருவர் சுற்ற மற்றவர் கேட்பார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். ஒரே விளக்கைச் சுற்றி நாலு வீட்டுப் பிள்ளைகள் படித்தோம். ஒரு புத்தகத்தை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். அண்ணாவியாரின் முறை தேவையின் நிமித்தம் திரும்பி வந்தது.

1993 நவம்பர் 13ஆம் திகதி எமது புனித யாகப்பர் ஆலயத்தின் மீது குண்டு வீழ்ந்தது, உயிர்களும் போயின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. அங்கே பாடசாலைக் கட்டடங்களே அகதிகளின் உறைவிடங்களாயின. மரநிழலிலும் கொட்டிலிலும், காலை ஒரு பாடசாலை மாலை ஒரு பாடசாலை என்று பகிர்ந்த இடங்களிலும் ஆசிரியைகள் பாடத்தைத் தொடர்ந்தார்கள். பரீட்சைகளும் நடந்தன. கருவி ஏதும் இல்லாத அந்தக் காலத்தில் நேரமும் இடமும் பிள்ளைக்கேற்ப வளைந்துகொடுத்தன. அதை வளைத்தவர்கள் மனிதர்கள்.

2020 மார்ச் 13ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிலைமை வேறு. மின்சாரமும் இணையமும் இருந்தன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தது. தொலைக்காட்சிப் பாடங்கள் வந்தன. ஸூம் வகுப்புகள் தொடங்கின. ஆனால் பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு வந்தால் இருவர் வெளியே. நேரடி வகுப்பு நவீனமாக இருந்தும் பழைய கரும்பலகையின் நிபந்தனையையே வைத்தது: இப்போதே இரு, இல்லையேல் இழப்பாய். இதைக் கண்ட ஆசிரியைகள் பாடத்தைச் சிறு சிறு குரற்பதிவுகளாக்கி வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். காணொளியை விடப் பல மடங்கு குறைந்த டேட்டா போதும். தகப்பன் கரைக்கு வந்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கும் கேட்கலாம். விளங்காவிட்டால் திரும்பக் கேட்கலாம். கைப்பேசியே இல்லாத வீட்டுக்கு அச்சிட்ட தாள் கையாலேயே போனது.

இன்று வாய்ப்புகள் இன்னும் பெருகியிருக்கின்றன. 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுகிறது. அது இலவசம், தமிழும் வாசிக்கும். தமிழில் பேசுவதை எழுத்தாக்கும் வசதி சாதாரண கைப்பேசியிலேயே உண்டு. செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கு அது பேருதவி. 1981இல் எரிந்த எமது நூலகத்தின் துயரம் ஆறாத நிலத்தில், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் உலகின் எந்த மூலையிலும் இருப்பவருக்கு இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் இங்கும் ஒரு சிறு கதவு பூட்டிக் கிடக்கிறது. எமது பாடசாலைகளில் வினாத்தாள்களும் குறிப்புகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணால் பார்ப்பவருக்கு அது அழகிய தமிழ். திரையை வாசிக்கும் மென்பொருளுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். ஏனென்றால் பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் உள்ளே ஓர் ஆங்கில எழுத்தாகவே பதிகிறது. கையெழுத்துக் குறிப்பைப் படம் பிடித்து அனுப்பினாலும் அதே கதி. அதையே யூனிகோட்டில் தட்டச்சு செய்தால் பார்வையற்ற பிள்ளை கேட்கலாம், பார்வை குறைந்த பிள்ளை எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கலாம், வராத பிள்ளை வீட்டிலிருந்து தேடி எடுக்கலாம். இந்த மாற்றத்துக்கு வேண்டியது பணமன்று. பொறுமையும் சில மாலை நேரங்களுமே.

இவ்வரலாறு சங்கத்துக்குச் சொல்வது ஒன்றே என எண்ணுகிறோம். கருவியின் பெருமை அதன் விலையில் இல்லை. முன்பு வெளியே நின்ற எந்தப் பிள்ளை அதனால் உள்ளே வந்தாள் என்பதில் இருக்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் கொழும்பிலும் இருந்து உதவ முன்வரும் சகோதரிகள் திறன்பலகை ஒன்றை அன்பளிப்பதில் தவறில்லை. பெரிய எழுத்தும் படமும் ஒலியும் பின் வாங்குப் பிள்ளைக்கு நன்மையே. ஆனால் அது ஒரு அறையின் சுவரிலேயே நிற்கும். அதே நிதியின் ஒரு பங்கில் வகுப்புப் பாடங்களைக் குரற்பதிவாக்கிச் சேமிக்கலாம்; இரவல் கொடுக்கச் சில கைப்பேசிகள் வைத்திருக்கலாம்; ஆண்டுதோறும் கண், காதுப் பரிசோதனை செய்விக்கலாம். பாமினிக் குறிப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் வேலையை எந்த நாட்டிலிருந்தும் எம் கைகளாலேயே செய்யலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்கு வாசித்துப் பதியும் குரல் இன்னும் இருக்கிறது.

சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் நிதி பற்றிப் பேசும் முன், கடந்த தவணையின் வரவு இடாப்பை மேசையில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்தப் பெயருக்கு எதிரே வராத நாட்கள் அதிகம், ஏன் என்று முதலில் பார்ப்போம். என்ன வாங்குவது என்பதை அதன் பிறகு தீர்மானிப்போம்.