மணற்பலகையும் ஒளித்திரையும்

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் அந்தி வேளையில் உலவும்போது, ஈர மணலில் விரலால் எழுதி அழித்து விளையாடும் சிறுவரைக் காண்கிறோம். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதித்தான் அகரம் பயின்றனர். அரபுக் கணித அறிஞரும் தூசு பரப்பிய பலகையில் எழுதியும் அழித்தும் கணக்கிட்டனர். அம்முறைக்கு 'ஹிஸாபுல் குபார்', அதாவது தூசுக் கணிதம், என்றே பெயர். எழுதியதை உடனே கண்டு, பிழையை அழித்துத் திருத்தும் அவ்வசதியே இன்றைய கணிப்பொறித் திரையின் உயிர்நாடி.

இத்திரையின் வரலாறு முழுவதும் மேனாட்டாருக்கே உரியது என நம் மாணவர் எண்ணுகின்றனர். அது முற்றும் சரியன்று. சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் 1954இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் உருவான கணிப்பொறி 1960இல் முழுமையாக இயங்கலாயிற்று. 1962இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயரிட்டார். எண்ணையும் எழுத்தையும் மட்டுமன்றி வரைபடத்தையும் காட்டும் ஒளித்திரை ஒன்று அதனோடு இணைந்திருந்தது.

பின்னர் மேனாட்டில் இத்துறை விரைந்து வளர்ந்தது. 1963இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவால் திரையிலேயே படம் வரைந்தார். 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் 'மவுஸ்' என்னும் சுட்டுக்கருவியைச் சான் பிரான்சிஸ்கோ அவையில் இயக்கிக் காட்டினார். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 'ஆல்டோ' பிறந்தது. அதன் திரை அகலத்தில் 606, உயரத்தில் 808 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஒளிரச் செய்யலாம். 1984இல் வந்த 'மெக்கின்டாஷ்' இவ்வகைத் திரையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது.

புள்ளிகளால் கோலம் போடுவதுபோல் இத்திரையில் எந்த மொழியின் எழுத்தையும் வரையலாம். ஆங்கிலம் மட்டும் அறிந்த பொறிகளுக்கு நடுவே, தமிழுக்கும் அரபிக்கும் வழி திறந்தது இதனால்தான். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்தின்மீது புதிய புள்ளிகளிட்டு அரபுத்தமிழ் கண்ட முன்னோரின் வழிவந்த நமக்கு இது வியப்பாகுமா?

ஆயினும் ஒரு பாடம் உண்டு. 1964இல் அந்நிலையத்திற்கு அயல்நாட்டுக் கணிப்பொறி வந்தது. டிஃப்ராக் விரைவில் ஓய்வு பெற்றது. விதை இங்கும் விழுந்தது. விடாது நீர் வார்த்தவரே அறுவடை செய்தனர்.

பெரியோர்களே! நம் வீட்டுப் பரண்களில் அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர் அருகில் ஒரு சிறுவனைக் கணிப்பொறியுடன் அமர்த்துங்கள். மணலில் எழுதியதை அலை கொண்டுபோகும். ஏட்டில் உள்ளதையாவது நாம் காப்போம்.