தொடர்குற்றமும் முறைகாண் ஆயத்தாரின் ஒருமனத் தீர்ப்பும்

பன்னிருவர் ஒருமனப்பட்டாலன்றி ஒருவனைக் குற்றவாளி எனக் கூறலாகாது என்னும் கொள்கை ஆங்கில நாட்டில் பதினான்காம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. 1367-இல் நிகழ்ந்த வழக்கொன்றில் பதினொருவர் ஒருபக்கம் நின்றனர். எஞ்சிய ஒருவர், சிறையில் மடியினும் அவர்களோடு இசையேன் என்றார். பதினொருவர் முடிவைக் கொண்டு அளித்த தீர்ப்பு பின்னர்ச் செல்லாதென நீக்கப்பட்டது. ஆயத்தாரை அவர்கள் இசையுங்காறும் உணவும் நெருப்பும் இன்றி அடைத்து வைக்கும் வழக்கமும் அங்கு நெடுங்காலம் இருந்தது. அவ்வாறு பெற்ற இசைவு மனத்தின்பாற்பட்டதா, வயிற்றின்பாற்பட்டதா என்பது வேறோர் ஆராய்ச்சி.

எத்துணைப் பேர் இசைதல் வேண்டும் என்பது ஒரு வினா. எதன்கண் இசைதல் வேண்டும் என்பது மற்றொரு வினா. பின்னதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது. ஒரு நாளில் ஓரிடத்தில் முடிந்த குற்றத்தில் இவ்வினா பெரிதும் எழுவதில்லை. ஆண்டுக் கணக்கில் நீளும் தொடர்குற்றத்திலேயே எழுகின்றது.

ஐவருக்குக் குறையாதோரை ஏவி, பெரும்பொருள் ஈட்டி, போதைப்பொருட் சட்டமீறல்களைத் தொடராகச் செய்தலை அமெரிக்கப் பேராயம் 1970-இல் தனிக்குற்றமாக வகுத்தது. சிகாகோ நகரக் கும்பலொன்றின் தலைவர்மீது இச்சட்டத்தின்படி வழக்கு நடந்தது. குறைந்தது மூன்று மீறல்கள் நிகழ்ந்தன என்பதில் ஆயத்தார் இசைந்தாற் போதும், அம்மூன்று எவை என்பதில் இசைய வேண்டுவதில்லை என்று விசாரணை நீதிபதி அறிவுறுத்தினார். ரிச்சர்ட்சன் வழக்கு எனப்படும் இதில், 1999-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால் அவ்வறிவுரையைத் தள்ளியது.

பெரும்பான்மையோர் தீர்ப்பை எழுதிய பிரையர், குற்றத்தின் உறுப்பையும் அதனைச் செய்த வழிவகையையும் வேறுபடுத்தினார். கொள்ளையன் காட்டியது கத்தி என்பர் சிலர்; துப்பாக்கி என்பர் சிலர். அச்சுறுத்தினான் என்பதில் அவர்கள் வேறுபடாமையின் கருவி வெறும் வழிவகையே. தொடர்குற்றத்தின் ஒவ்வொரு மீறலுமோ உறுப்பாகும் என்றார் அவர். அன்றேல், எவர் எதனை நம்பினார் என்பது மறைந்து, தீயவன் எனப் பெயரெடுத்தவன் ஏதேனும் செய்திருப்பான் என்னும் எண்ணமே சான்றாகிவிடும். உடன்படாத கென்னடி, பேராயம் ஒறுக்கக் கருதியது கூட்டத்தின் தலைமையையே என்றும், தனித்தனி மீறல்களில் இசைவு கேட்பது அத்தலைவர்களுக்கே துணையாகும் என்றும் வாதித்தார்.

பிரையர் கூற்றே வலிதென நாம் கொள்கின்றோம். இலக்கணம் பயின்றார்க்கு இஃது எளிதில் விளங்கும்: சொற்கள் இன்னவை என அறியாது சொற்றொடர் ஒன்று உளது எனல் பொருந்தாது.

ஆயினும் இவ்வுவமை செல்லாத இடம் ஒன்றுண்டு. உடன் வாழ்வானால் பன்முறை பாலியற் கொடுமைக்கு ஆளான குழந்தை, நாளையும் நிகழ்ச்சியையும் பிரித்துரைக்க வல்லதன்று. இது கருதியே கலிபோர்னியா மாநிலம் 1989-இல் தனிச்சட்டம் செய்தது. மூன்று மாதங்களுக்குக் குறையாத காலத்தில் மூன்று முறையேனும் கொடுமை நிகழ்ந்தது என்பதில் ஆயத்தார் ஒருமனப்பட்டாற் போதும்; எம்மூன்று என்பதில் இசைவு வேண்டா. பிரையரும் இத்தகைய மாநில வழக்குகளைத் தனியே வைத்துப் பேசினார். குழந்தையின் நினைவுக் குறைவு கொடியோனுக்கு அரணாதல் ஒருபுறம். எதனை மறுப்பது என்று அறியாது குற்றஞ்சாட்டப்பட்டவன் தடுமாறுதல் மறுபுறம்.

லூசியானா 1898 முதலும் ஆரிகன் 1934 முதலும் ஒருமனமின்றியும் தீர்ப்பளிக்க இடந்தந்திருந்தன. லூசியானா மக்கள் 2018-இல் வாக்களித்து இனிவரும் குற்றங்களுக்கு அம்முறையை விலக்கினர். 2020-இல் ராமோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெருங்குற்ற வழக்குகளில் ஒருமனம் மாநிலங்கட்கும் இன்றியமையாதது என்றது. எண்ணிக்கை பற்றிய வினா அதனோடு தீர்ந்தது. எதன்கண் இசைதல் வேண்டும் என்னும் வினாவை அவ்வழக்கு தொடவில்லை.